எட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில்

ஐந்து வருஷம் கடுங்காவல் என்று நீதிபதி வாசித்தபோது கூண்டில் நின்ற தவசிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. வாய்க்கு வரவில்லை, வயிற்றோடு நின்றுகொண்டது. அந்த ஐந்து வருஷத்தை அவன்தான் ஏற்கெனவே தின்று தீர்த்து ஏப்பமும் விட்டாயிற்றே. ஜாமீன் கொடுத்தார்கள், ஆனால் அவனுக்காகக் கையெழுத்துப் போட ஊரில் இரண்டு பேர் கிடைக்கவில்லை, ஆகவே வழக்கு நடந்த காலம் முழுக்க விசாரணைக் கைதியாகவே உள்ளே கிடந்தான். அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த வக்கீலம்மா அவனைக் கூண்டுப் பக்கம் வந்து பார்த்தாள். "தவசி, பயப்படாத. உள்ள இருந்த நாளெல்லாம் தண்டனையில கழிஞ்சிரும். செட்-ஆஃப்னு சொல்லுவாங்க. உன்னைக் கைது பண்ணுனது ஆகஸ்டு பத்தொம்போது. இன்னைக்கு ஆகஸ்டு ஒம்போது. அஞ்சு வருசத்துக்குப் பத்து நாள் குறையுது. பத்தே நாள், போயிட்டு வந்துரு." சாப்பாட்டு நேரம் முடிந்து கோர்ட் கூடியதும் பெஞ்ச் கிளார்க் தேதி கேட்பாராம், தீர்ப்பின் கடைசித் தாளில் கட்டம் போட்டு எழுதுவாராம், நீதிபதி கையெழுத்துப் போட்டால் முடிந்தது. "தேதி கேட்டா பத்தொம்போதுன்னு மட்டும் சொல்லு. வேற எதையும் இழுக்காத," என்று போகிற போக்கில் சொன்னாள். இழுக்காத. அவளுக்கு என்ன தெரியும், ஒன்றும் தெரியாது, ஆனால் அந்தக் கோர்ட்டுக்கு வருகிற எல்லாக் கைதிக்கும் தாளில் ஏறாத நாள் கொஞ்சம் இருக்கும் என்கிற அளவுக்குத் தெரியும். அவனைப் பிடித்தது பத்தொன்பதாம் தேதி கிடையாது. எட்டாம் தேதி. இது அவனுக்குத் தெரியும், பிடித்தவர்களுக்குத் தெரியும், செத்துப்போன ஒருவனுக்குத் தெரியும். எட்டிலிருந்து எண்ணினால் ஐந்து வருஷம் முந்தாநாளோடு கழிந்துவிட்டது. இந்த நிமிஷம் அவன் இருக்க வேண்டிய இடம் வீடு. பெண்டாட்டி உச்சிமாகாளி சோறு போட, எதிரில் ஐந்தாவது வயசு நடக்கிற பிள்ளை உட்கார்ந்து இவனை யாரோ என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம். எட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்றைக்கே போய்விடலாம். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியாது.

வராந்தாவில் ஒரு மர பெஞ்சு. காவலுக்கு வந்த ஏட்டையா மாசானமுத்து கைவிலங்கு மாட்டுகிற ஆள் இல்லை, விரலோடு விரலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பார்க்கிறவர்கள் தாலி கட்டப் போகிற ஜோடி என்று நினைக்க வேண்டும். இடது கை இவன் கையோடு, வலது கை எலுமிச்சம் சோற்றுப் பொட்டலத்தில். "இந்தா, ரெண்டு வாய் தின்னுல. பத்து நாள்ல வீட்டுச் சோறு. பெறவு இந்த மூஞ்சியெல்லாம் நெனைப்பியா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினான். சோற்றில் கடுகும் வற்றலும் வெடித்த வாசனை, அதற்கு மேலே மூத்திரப்புரையின் வாடை, அதற்கும் மேலே எங்கிருந்தோ யூரியா வாடை. யூரியா இங்கே எப்படி வரும். வராது. அது அவன் மூக்குக்குள்ளேயே தங்கிவிட்டது, உரக் கிட்டங்கியில் பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கினவனுக்கு அது எங்கே போகும். ஐந்து வருஷத்துக்கு முந்தி, மேஸ்திரி சுடலைமணி அன்றைக்கும் அவன் முறையைத் தட்டி வேறு ஒருத்தனுக்குக் கொடுத்தான். மூன்றாவது நாளாகக் கொடுத்தான். ஏன் என்று கேட்டதற்கு, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "வயித்துப்புள்ளக்காரி புருசனுக்கு ஓய்வு வேணும்லா? ஆமா, அந்தப் புள்ள ஒன்னுதுதான்னு ஒனக்குத் தெரியுமால?" என்றான். பத்தொன்பது சுமைக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அந்தப் பத்தொன்பது பேரும் சாட்சி சொன்னார்கள். கையில் இருந்தது மூட்டை இழுக்கிற கொக்கி. அது எப்போதும் கையில் இருப்பதுதான், கைக்கு ஆறாவது விரல் மாதிரி. காதுக்குக் கீழே இறங்கினது. இழுத்தபோது வரவில்லை, மூட்டையில் மாட்டினால் எப்படித் திருப்பி இழுப்பானோ அப்படித் திருப்பி இழுத்தான், பழக்கம். சுடலைமணி வெற்றிலைச் சாற்றையும் ரத்தத்தையும் சேர்த்துத் துப்பிக்கொண்டு வெள்ளைச் சாக்குகள் மேல் சரிந்தான். அந்தப் புண்ணின் ஆழம் ஏழு சென்டிமீட்டர். டாக்டர் அளந்து சொன்னார், நீதிபதி எழுதினார், இன்று காலை திரும்பவும் வாசித்தார்கள். ஏச்சுப் பேச்சில் திடீரென்று வந்த கோபம், திட்டம் போட்டுச் செய்ததில்லை, அதனால் ஆயுள் இல்லை, ஐந்து வருஷம். சுடலைமணிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை, அளவெடுத்து, சாட்சி வைத்து, ரத்தச் சாக்கைக்கூட சீல் வைத்துக் கொண்டுவந்து செத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். அவனை நினைத்தால் தவசிக்கு இப்போது தூக்கம் கெடுவதில்லை. கெடுக்கிறவன் வேறு ஒருத்தன். அவனை யாரும் அளக்கவில்லை.

உப்பளத்து மோட்டார் கொட்டகையில் ஒளிந்திருந்தவனை மறுநாள் காலையிலேயே அமுக்கிவிட்டார்கள். அதுதான் எட்டாம் தேதி. ஸ்டேஷனுக்குள் கொண்டுபோகவில்லை, பின்னால் இடிக்க வேண்டிய பழைய குவார்ட்டர்ஸ் ஒன்று, அதில் ஜன்னலுக்குத் தகரம் அடித்த ஒரு அறை. கொக்கியை அவன் ஓடுகிற ஓட்டத்தில் எங்கோ வீசியிருந்தான், அது கிடைக்கிறவரைக்கும் கைது காட்டப் போவதில்லை என்று எஸ்.ஐ. குணசீலன் முதலிலேயே சொல்லிவிட்டார். எஸ்.ஐ. கத்துகிற ஆள் இல்லை. வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு அடிப்பார், அடித்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு வாட்சைக் கட்டிக்கொள்வார். எட்டும் ஒன்பதும் உள்ளங்காலில் அடித்தார்கள். ஒன்பதாம் தேதி சாயங்காலம் மிக்கேலைக் கொண்டுவந்து தள்ளினார்கள். விசைப்படகில் கூலிக்குப் போகிறவன், யாருடைய படகிலோ எஞ்சின் சாமான் காணாமல் போனதற்கு இவன்தான் என்று முடிவாகியிருந்தது. ஒட்டலான ஆள், வாய் மட்டும் நீளம். அடி வாங்கிவிட்டு வந்து சுவரோரம் சுருண்டவன் ஐந்து நிமிஷத்தில், "மாப்ள, ஒனக்கு என்ன கேஸு?" என்று கேட்டான். கொலை என்றதும், "அம்மாடி, அப்பம் நான் ஒனக்குப் பக்கத்துல படுக்கக் கூடாதே," என்று வீங்கின உதட்டோடு சிரித்தான். படுத்தான். பக்கத்தில்தான் படுத்தான். பத்தாம் தேதி எஸ்.ஐ. தவசியின் தோளைத் தடவிப் பார்த்தார், மாட்டுத்தாவணியில் வாங்கப் போகிற மாட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி. "மூட்டை தூக்குத ஒடம்பு. நம்ம பையனுக எதுக்குச் சிரமப்படணும், நீ இவனப் புடி," என்றார். பிடித்தான். தோளைப் பிடித்தான், காலைப் பிடித்தான், எதைச் சொன்னார்களோ அதைப் பிடித்தான். அன்று அவனை அடிக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பிடித்தான், அடிக்கவில்லை. பிடித்தால் அடி இல்லை என்பது புரிந்த பிறகு, கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் அவனே எழுந்து தயாராக நின்றான். அப்படி எழுந்து நின்றதை எந்தத் தண்ணீரில் கழுவ. மிக்கேல் அதைப் பார்த்தான். அதற்குப் பிறகு மாப்ள என்று கூப்பிடவில்லை.

"அண்ணே, ஒங்கள எந்த ஸ்டேஷன்ல புடிச்சாவ?" பெஞ்சுக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். சாம்பல் கலர்ச் சேலை, கையில் ஒயர்க் கூடை, கூடைக்குள் நூல் கட்டின காகிதக்கட்டு. இவளை அவனுக்குத் தெரியும். பேசினது இல்லை, ஆனால் ஐந்து வருஷமாக வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் வராந்தாவில் ஒவ்வொரு கைதியிடமும் போய் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறான், பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஏட்டையாவுக்கு மறுபுறம் ஒதுங்கியிருக்கிறான். மிக்கேல் பெண்டாட்டி பிரகாசி. புருஷன் ஸ்டேஷன் வாசலில் நெஞ்சு வலி வந்து செத்தான் என்று எழுதிக் கொடுத்ததை ஒத்துக்கொள்ளாமல் இதே கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறவள். இன்றைக்கு ஒதுங்க வழியில்லை, விரல் மாட்டிக்கொண்டிருந்தது. "யம்மா, கைதிகிட்டப் பேசக் கூடாது," என்றார் ஏட்டையா, ஆனால் சோற்றைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "ரெண்டே வார்த்தைதான் ஐயா. எல்லார்ட்டயும் கேக்கதுதான், ஒங்களுக்குத் தெரியுமே," என்றாள். இவன் ஸ்டேஷன் பேரைச் சொன்னான். அவள் முகம் கிட்டே வந்தது. "எந்த வருசம்? அந்த ஆகஸ்டு மாசமாண்ணே?" ஆமாம் என்றான். "எந்தத் தேதி?" பத்தொம்போது என்றான். நாக்கு அதைத் தானாகச் சொன்னது, ஐந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தை. அவள் முகம் திரும்பத் தூரப் போனது. "அப்பம் சரி. அவரு பதினாலுலயே போயிட்டாரு." போய்விடுவாள் என்று நினைத்தான், போகவில்லை. "இல்லண்ணே, அங்க டீ கொண்டு போற அக்கா ஒருத்தி எங்கிட்டச் சொன்னா. பின்னால ரூமுக்கு அந்த வாரம் பூராவும் ரெண்டு டீ சொன்னாவளாம். உள்ள அவரு ஒருத்தருதான்னு அந்த அக்காட்டப் போலீஸ்காரவ சொன்னாவளாம். ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு டீ? அந்த ரெண்டாவது டீயக் குடிச்ச ஆளத்தான் தேடுதேன். அவருக்கு ஒரு கெடுதலும் நான் நெனைக்கல. அவரும் அடி வாங்குன ஆளாத்தான் இருப்பாரு. என்ன நடந்துச்சுன்னு சொன்னாப் போதும்." ஏட்டையா விரல்களைத் தளர்த்தி மறுபடி இறுக்கினார். உங்களுக்கு எப்போ விடுதலை என்று கேட்டாள். இன்னும் பத்து நாள் என்றான். "பத்து நாள்தானே, கண்ண மூடி முழிக்கதுக்குள்ள போயிரும்ணே. பிள்ளைக இருக்கா? நல்லா இருங்க," என்றாள். இவளை அடிக்க வேண்டும் போல வந்தது தவசிக்கு. நிஜமாகவே வந்தது, கன்னத்தில் அறைந்து, போடி அந்தப்புறம், யாரைப் பார்த்து நல்லா இருங்க என்கிறாய் என்று கத்தவேண்டும் போல. ஏட்டையாவின் விரல் இருந்ததால் கை எழவில்லை. அவள் கதவோரம் போய்க் கூடையை வைத்து உட்கார்ந்தாள், மத்தியானத்தில் அவள் வழக்கு மூன்றாவது.

ரெண்டாவது டீ. முதல் டீயும் அவன்தான் குடித்தான் என்று யார் இவளுக்குச் சொல்வது. பதினாலாம் தேதி மத்தியானம், வெளியே மறுநாள் கொடியேற்றத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள், கம்பத்துக்குப் பெயின்ட், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டிரம் அடித்து நடை பழகிக்கொண்டிருந்தார்கள், டும் டும் என்று அடித்து ஒரு இடத்தில் தப்பாக நின்று மறுபடி முதலிலிருந்து. உள்ளே மிக்கேலின் தொடை மேல் உலக்கை மாதிரி ஒரு கட்டையைப் போட்டு இரண்டு பேர் ஏறி உருட்டினார்கள். எஸ்.ஐ. வாட்ச் இல்லாத கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வெளிய ஆள் இருக்கு. சத்தம் போகக் கூடாது. போச்சு, அடுத்து நீதான்ல," என்றார் தவசியைப் பார்த்து. தவசி நெஞ்சின் மேல் உட்கார்ந்தான். முன்கையை வாயின் குறுக்கே கொடுத்து அமுக்கினான். இதுவரைக்கும் அவர்கள் சொன்னது. இதுவரைக்கும் சொல்லிவிடலாம், பயந்துபோய்ச் செய்தேன் என்று சொன்னால் யாராவது ஒருத்தராவது தலையாட்டுவார்கள். அப்புறம் மிக்கேல் கடித்தான். முன்கைச் சதையைப் பல் கூடும்வரைக்கும் கடித்தான். அந்த வலி மண்டைக்குள் ஏறினபோது வந்தது பயம் இல்லை, கோபம், கிட்டங்கியில் கொக்கியை ஓங்கினபோது வந்த அதே கோபம், அதே சூடு, எனக்காகவா உன்னைப் பிடித்திருக்கிறேன் நாயே, என்னையா கடிக்கிறாய். நூறு கிலோ மூட்டையை அடுக்கின அட்டியில் அமுக்கி வைக்கிறபோது எப்படி இடுப்பிலிருந்து பாரத்தை இறக்குவானோ அப்படி இறக்கினான். அந்தப் பாரத்தை யாரும் கேட்கவில்லை. அது அவனுடைய சொந்தப் பாரம். உள்ளே ஏதோ முறிந்தது, காதுக்குக் கேட்கவில்லை, தொடைக்குக் கேட்டது. டும் டும் என்று டிரம் தப்பாக நின்றது. கால் உதறுவது நின்றது. "எந்திரில," என்றார் எஸ்.ஐ. எழுந்திருக்கவில்லை. "எந்திரில மூதி," என்று தலைமயிரைப் பிடித்து இழுத்துத்தான் எழுப்பினார்கள். தண்ணீர் தெளித்தார்கள், கன்னத்தில் தட்டினார்கள், ஒருத்தன் ஐயோ என்று ஆரம்பித்து வாயைப் பொத்திக்கொண்டான். அந்த நேரம் கதவை வெளியே தட்டி டீ என்றாள் அந்த அக்கா. கதவு ஒரு சாண் திறந்தது, இரண்டு கிளாஸ் உள்ளே வந்தது. டம்ளர் நிறைவாகத் திரும்பிப் போனால் கேள்வி வரும், குடி என்றார்கள். குடித்தான். ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்றையும் குடித்தான். இனிப்பாக இருந்தது. இனிப்பாகத்தான் இருந்தது, அதை என்ன செய்ய.

அன்றே அவனை ஜீப்பில் அடித்துத் தள்ளி ஒரு தோட்டத்துப் பம்பு செட்டில் கொண்டு போட்டார்கள், பத்தொன்பது வரைக்கும். பத்தொன்பதாம் தேதி காலை பஸ் நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றுகொண்டிருந்தபோது கைது என்று எழுதினார்கள். கொக்கியும் அன்றைக்குத்தான் கிடைத்ததாம், அவனே எடுத்துக் கொடுத்தானாம், அது எந்தக் கொக்கியோ. ஜெயிலுக்குள் போனதும் டாக்டர் முதலில் உடம்பைப் பார்ப்பார், காயம் இருந்தால் கேட்பார், எப்படி என்று கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்று சொல்ல வேண்டும், இது எல்லாருக்கும் தெரிந்த பாடம், ஜீப்பிலேயே சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். காலுக்கு வழுக்கி விழுந்தேன் என்றான். முன்கையில் பல் பதிந்த புண் சீழ் வைத்திருந்தது, அதற்கு வழுக்கி விழ முடியாதே. யாரும் அதற்குப் பாடம் சொல்லித் தரவில்லை. "நாய் கடிச்சிட்டு ஐயா," என்றான். டாக்டர் நல்ல மனுஷர், பதறிப்போனார். நாய் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். செத்துப்போச்சு என்றான். உடனே எழுதினார், நாய்க்கடி ஊசி ஐந்து, தேதி போட்டு ஐந்து தரம். ஒவ்வொரு தரமும் வரிசையில் நிற்கவைத்து, தவசிலிங்கம் நாய்க்கடி என்று கம்பவுண்டர் சத்தமாகக் கூப்பிட, அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு போய் நின்றான். மூன்றாவது ஊசியன்று அங்கேயே வாந்தி எடுத்தான். அந்தப் பதினோரு நாளில் மிக்கேல் இருந்ததற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே எழுத்து அந்த ஜெயில் புத்தகத்தில் நாய் என்று இருக்கிறது. பொண்டாட்டிக்காரி ஐந்து வருஷமாகத் தேடுகிறாள், அது அங்கே நாய் என்று உட்கார்ந்திருக்கிறது. உச்சியிடம்கூட அவன் சொன்னதில்லை. மனுப் போட்டு அவனைப் பார்க்க வரும்போது வலைக்கு அந்தப்புறம் நின்று அவள் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். அவன் உள்ளே போய் நாலு மாதத்தில் பிறந்த பிள்ளை, மதுமிதா என்று அவளே பேர் வைத்தாள், வலையில் விரலை விட்டால் தொடும், அந்த ஒரு விரல் அளவுக்குத்தான் அவன் அவளைத் தொட்டிருக்கிறான். போன தடவை வந்தபோது, "அப்பா, நீங்க யாரையாவது அடிச்சியளா?" என்று கேட்டது. ஆமாம் என்றான். "எத்தன பேர?" என்று கேட்டது. உச்சி வாயைப் பொத்தினாள். ஒருத்தரைத்தான் என்று அவன் சொல்லியிருக்கலாம், கோர்ட்டே அப்படித்தானே சொல்கிறது. 

பத்து நாள். சும்மா இருந்தால் பத்து நாள். ஒன்பது பத்து பதினொன்று என்று எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பதினெட்டு வரைக்கும், அதே தேதிகள். எந்த நாளைத் தாளில் இல்லாமல் அடித்தார்களோ அந்த நாளையே எடுத்து, போய் இன்னொரு தரம் இருந்துவிட்டு வா என்று கையில் கொடுக்கிறார்கள். பதினாலும் வரும். ஒவ்வொரு வருஷமும் வந்ததுதான், ஜெயிலுக்குள்ளும் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடிப்பார்கள், அவன் கக்கூசுக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தத் தடவையும் உட்கார்ந்திருந்தால் பத்தொன்பதாம் தேதி உச்சி ஆட்டோவோடு வந்து நிற்பாள். வீட்டுக்குப் போய், குளித்து, சோறு தின்று, பிள்ளை நெஞ்சில் ஏறிப் படுக்கும். நெஞ்சில் ஏறி. அதற்கு மேல் நினைக்க முடியாமல் பெஞ்சின் கட்டையைப் பிடித்தான், "என்னல?" என்றார் ஏட்டையா. எட்டு என்று மட்டும் சொல்லிப் பார்த்தால்? இன்றைக்கே விடுவார்கள், ஆனால் எட்டிலிருந்து எங்கே இருந்தாய் என்பார்கள், பின்னால் ரூமில் என்றால் பதினாலாம் தேதி என்ன பார்த்தாய் என்பார்கள், பார்த்ததைச் சொன்னால் எஸ்.ஐ. விடுவாரா, இப்போது அவர் பெரிய அதிகாரி, தான் செய்ததையும் சொன்னால் அது இன்னொரு கொலை. ஒரு வழக்கில் இருந்த நாளை இன்னொரு வழக்கில் கழிக்க முடியாது என்று வக்கீலம்மா முன்பே யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள், காதில் விழுந்திருக்கிறது. இந்த ஐந்து வருஷம் சுடலைமணியோடு தீர்ந்தது, மிக்கேலுக்கு முதலிலிருந்து, ஒன்றாம் நாள் என்று. பிள்ளைக்கு அப்போது என்ன வயசு இருக்கும். வாயை மூடிக்கொண்டு போடா, ஊரில் எவன்தான் வாயைத் திறந்தான், எஸ்.ஐ. திறந்தாரா, கட்டையை உருட்டினவன் திறந்தானா, நீ மட்டும் என்ன பெரிய உத்தமன். உத்தமனா, கதவு சத்தம் கேட்டு எழுந்து நின்றவன். கடைசித் தாளில் கட்டம் போடுவார்கள், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரைக்கும் உள்ளே இருந்தான் என்று, கழித்துக்கொள்ளலாம் என்று. எதைக் கழிக்க? ஒருத்தனைக் கொன்ற நாளை இன்னொருத்தனைக் கொன்ற தண்டனையில் சலுகையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பதா? அதைக் கேட்கவும் நாக்கு வேண்டும், கேட்காமல் பத்தொன்பது என்று சொல்லவும் நாக்கு வேண்டும். கதவோரம் பிரகாசி கூடையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து, யாரோ வயசான கைதி ஒருத்தர் கேட்டார் என்று அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரிடமும் தேதி கேட்பாள். இனி ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருத்தரிடமும் கேட்பாள், கிழவியாகிறவரைக்கும் கேட்பாள், அந்த ஆள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பான்.

டவாலி கூப்பிட்டான். ஏட்டையா கையை உதறி எலுமிச்சைப் பருக்கையைத் தட்டிவிட்டு அவனைக் கூண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார், கோத்த விரலை அங்கேதான் விட்டார். மின்விசிறி கடகடவென்று ஓடியது. போன மாதம்தான் மாறுதலில் வந்த நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பெஞ்ச் கிளார்க் தலையைத் தூக்காமலே, "கைது தேதி?" என்றார். "ஆகஸ்டு பத்தொம்போது," என்றாள் வக்கீலம்மா. கிளார்க் எழுதினார், டைப் அடிக்கிற பெண்ணின் விசை தட்டுகிற சத்தம் கேட்டது. நீதிபதி பேனாவைத் திறந்துகொண்டே, கேட்க வேண்டிய கடமைக்கு, "எதிரி வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"எட்டாந்தேதி ஐயா," என்றான் தவசிலிங்கம்.

வக்கீலம்மா திரும்பிப் பார்த்தாள். "தவசி, சும்மா இரு," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"என்ன எட்டாந்தேதி?"

"என்னையப் புடிச்சது எட்டாந்தேதி. பத்தொம்போது வரைக்கும் கைது காட்டாமலே வச்சிருந்தாவ. ஸ்டேஷனுக்குப் பின்னால பழைய குவார்ட்டர்ஸ்ல."

நீதிபதி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். "அப்படிப் பார்த்தா உன்னை இன்னைக்கே விடணும். அதுக்காகச் சொல்றியா? பத்து நாள் பொறுக்க முடியாதா?"

"அதுக்கு இல்லய்யா," என்றான். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அந்தப் பதினோரு நாளையும் நீங்க கழிக்க வேண்டாம். அது எனக்கு வேண்டாம். நான் அங்க இருந்தேன்னு மட்டும் எழுதிக்கிடுங்க. பதினாலாந்தேதி மத்தியானம் மிக்கேல் நெஞ்சு மேல நாந்தான் உக்காந்திருந்தேன். உக்காரச் சொன்னது எஸ்.ஐ. குணசீலன். அமுக்குனது நான். அவரு சாகுத வரைக்கும் அமுக்குனேன்."

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. வக்கீலம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஏட்டையா மாசானமுத்து கூண்டுக்குப் பக்கத்தில் வந்து, அடிக்கவா அணைக்கவா என்று தெரியாமல் அவன் தோளில் கையை வைத்தார். நீதிபதி வழக்குக் காகிதக்கட்டைப் புரட்டினார், முதல் தாள், குற்றப்பத்திரிகை, இருபத்தேழு சாட்சிகளின் பட்டியல், ஒவ்வொரு பேராக விரல் வைத்துக் கீழே வரைக்கும் வந்தார்.

"யாரு மிக்கேல்? இந்த வழக்குல அப்படி ஒரு பேரே இல்லையே."

 கதவுப் பக்கமிருந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லாமல், ஒரு குரல் வந்தது.

"எம் புருசன் ஐயா," என்றாள் பிரகாசி.